படத்தொகுப்பும் புதிய பதிப்பும்

பதிப்பு என்னும் சொல்லை யாம் வகுப்பறையில் ஒரு பொருளிலும், வகுப்பறைக்கு வெளியே மற்றொரு பொருளிலும் வழங்கி வருகின்றோம். வகுப்பறையில் அது, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை ஏட்டினின்றும் அச்சிற்கு ஏற்றிய அருஞ்செயல் போன்றவற்றைக் குறிப்பது. வெளியிலோ, கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளொன்று எண் மாறி மீண்டும் மீண்டும் வெளிவருதலைக் குறிப்பது. எம் கலாசாலையிற் குறும்படம் எடுக்கும் ஆர்வமுடைய மாணாக்கர் சிலர் உளர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தோமே. பங்குனி பிறந்துவிட்டால் எம்மவருள் எழும் முதற்கேள்வி, "அடுத்த பதிப்பில் என்ன வரப்போகிறது?" என்பதே. அமெரிக்க நாட்டின் லாஸ் வேகஸ் நகரில் ஏப்ரல் தோறும் ஒளிபரப்பாளர் கண்காட்சியொன்று கூடும். படத்தொகுப்பு மென்பொருள்களின் புதுப்பதிப்பைப் பற்றிய அறிவிப்புக்கள் பெரும்பாலும் அதனையொட்டியே வெளிவருவதால் எமக்கு இத்துணைப் பரபரப்பு.

இக்கலையிற் பழக்கமில்லாத நண்பர்களும் ஆசிரியர்களும் இப்புதுப்பதிப்புக்கள் செய்வது யாதென அறிந்துகொள்ளுமாறு எழுதப் புகுந்தோம். மயிலாப்பூரில் யாம் எடுத்த சிறு படமொன்றைத் தொகுக்கையில் எமக்கு நேர்ந்ததும் இதனுள் வரும். அதனைச் சொல்லாமல் இதனைச் சொல்ல எம்மால் இயலவில்லை.

முதற்கண் பழைய முறையைக் காண்போம். பேசும்படம் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் வீதம் ஓடுவது. 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஓரடிக்கு 16 பிரேம்கள் அடங்கும். ஆகவே ஒரு நிமிஷத்திற்கு 90 அடிச் சுருள் வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி. அதனை அவிழ்த்து நீட்டினால், லஸ் முனையிற் புறப்பட்டுத் தியாகராய நகர்ப் பனகல் பூங்காவைச் சென்று தொடும். இஃது இறுதியில் எஞ்சுவது மட்டுமே. படம்பிடித்தது இதற்குப் பன்மடங்கு. எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி ஸ்டூடியோவினின்றும் 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை நினைவுகூர்க. அத்துணைக் கூட்டமும் அத்துணை முரசுகளும் பல கோணங்களிற் படமாக்கப்பெற்று, துண்டு துண்டாய்க் கிடந்த நிலையில், அவற்றை அடுக்கி ஓர் ஓட்டமாக்கியவை மனிதக் கைகளே.

அக்கைகள் செய்த வேலை தையற்காரரின் வேலையை ஒத்தது. படச்சுருளும் ஒலிச்சுருளும் தனித்தனியாக வரும். கிளாப் பலகை மூடும் பிரேமையும் அதன் ஓசை விழும் இடத்தையும் ஒன்றுசேர்த்து இரண்டையும் இணைப்பது உதவியாளர் தொழில். 1924-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மூவியோலா என்னும் யந்திரத்தின் சிறு திரையிற் சுருளை ஓட்டிப் பார்த்து, வெட்டவேண்டிய பிரேமில் மெழுகுப் பென்சிலாற் கோடிடுவர், வெட்டுவர், ஒட்டுவர். வெட்டியெறிந்த துண்டுகளைத் துணி விரித்த தொட்டியின்மேல் வரிசையாகத் தொங்கவிடுவர். தொகுப்பாளர், "அவள் திரும்பிப் பார்த்தாளே, அந்தத் துண்டு எங்கே?" என்று கேட்டால், உதவியாளர் அதனைத் தேடியெடுத்துக் கொடுத்தல் வேண்டும். அரை அடித் துண்டும் காணாமற் போகலாகாது. இவ்வாறு பிரதிச் சுருளில் எல்லாம் முடிந்தபின், சுருளின் ஓரத்து எண்களைப் பார்த்து மூலமாகிய நெகட்டிவை வெட்டுவர். அங்குக் கத்தரி பட்டால் பட்டதுதான், மீட்சியில்லை.

தேடியெடுத்துக் கொடுக்கும் அந்த உதவியாளர்க்கு அதுவே பள்ளிக்கூடமாக இருந்தது. இரட்டை இயக்குநர் கிருஷ்ணன்-பஞ்சு என்போருள் பஞ்சு அவர்கள் 'பஞ்சாபி' என்ற பெயரிற் படந்தொகுத்தவர். அவ்விருவரிடம் உதவித் தொகுப்பாளராக இருந்து பின் பெரும்பெயர் பெற்றவர் ஏ. பீம்சிங். அவருடைய புதல்வர் பி. லெனின், அவரும் வி. டி. விஜயனும் சேர்ந்து தொகுத்த 'காதலன்' (1994) தேசிய விருது பெற்றது. 1989-இல் 'ராக்' என்னும் இந்திப் படத்திற்குத் தேசிய விருது பெற்ற ஏ. ஸ்ரீகர் பிரசாத், தொகுப்பாளர் ஏ. சஞ்சீவி அவர்களின் புதல்வர்; சென்னைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர். இலக்கியம் படிப்பதால் என்ன பயன் என்று எம்மை வினவும் உறவினர்க்கு யாம் இப்பெயரைச் சொல்லி வாயடைப்பது வழக்கம்.

அடுத்து வந்தது கணிப்பொறி. அவிட் என்னும் நிறுவனம் 1989-இல் 'மீடியா கம்போசர்' என்பதனை வெளியிட்டது. சந்தானபாரதி இயக்கத்திற் கமலஹாசன் நடித்து 1994-இல் வந்த 'மகாநதி', இந்தியாவிலேயே அவிட் கொண்டு தொகுக்கப்பெற்ற முதற் படமென்று பேசப்படுகிறது. அதன் தொகுப்பாளர் என். பி. சதீஷ். கணிப்பொறியிலே தொகுத்த படத்திற்கு ஆஸ்கர் தொகுப்புப் பரிசு முதன்முதற் கிடைத்தது 1996-ஆம் ஆண்டுப் படமாகிய 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' என்பதற்கு. தொகுத்தவர் வால்டர் மர்ச். இவ்விரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், கோடம்பாக்கம் இத்துறையில் எவர்க்கும் பின்னே நடக்கவில்லை என்பது தெற்றென விளங்கும்.

கணிப்பொறித் தொகுப்பின் உட்பொருளை ஓர் உவமையால் விளக்குவோம். அங்கே உண்மையில் எதுவும் வெட்டப்படுவதில்லை. படம்பிடித்த காட்சிகள் யாவும் நினைவகத்தில் முழுமையாக இருக்கும். தொகுப்பாளர் செய்வதெல்லாம் ஒரு பட்டியல் எழுதுவதே: இன்ன காட்சியின் இந்தப் பிரேம் முதல் இந்தப் பிரேம் வரை, அதன்பின் இன்னது, அதன்பின் இன்னது என்பதாக. ஏடுகள் அலமாரியில் இருக்க, எந்த ஏட்டின் எந்தப் பாட்டை எதற்கடுத்து வைப்பது என்று தொகைநூல் வகுத்தவர் குறித்துக்கொண்டதை இஃது ஒக்கும். அகநானூற்றை எடுத்துக்கொள்க. ஒற்றைப்படை எண்ணுடைய பாட்டெல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருவன நெய்தல். அவ்வரிசைப்படி அடுக்கும் வேலையை இன்றைய கணிப்பொறி ஒரு நொடியிற் செய்துவிடும். ஒரு பாட்டு முல்லையா பாலையா என்று துணியும் வேலை உருத்திரசன்மனார்க்கு உரியது. புதுப்பதிப்புக்களைப் பற்றி எழும் விவாதம் அனைத்தும், இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதுதான்.

பதிப்பு மாறுதலே ஒரு காலத்திற் பெருங்கலகமாயிற்று. ஆப்பிள் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 'பைனல் கட் புரோ' ஏராளமான தொகுப்பாளர்களின் கையிற் பழகியிருந்தது. மர்ச் அவர்களே 'கோல்டு மவுண்டன்' (2003) என்னும் படத்தை அதிலே தொகுத்தார். 2011 ஜூன் மாதத்தில் அதனை அடியோடு மாற்றியெழுதிப் புதுப்பதிப்பாக வெளியிட்டனர். பழைய பதிப்பிற் செய்த வேலைகளைப் புதியது திறக்க மறுத்தது. பல காமிராக் காட்சிகளைச் சேர்த்துத் தொகுக்கும் வசதியும் அதில் இல்லை. தொழில்வல்லார் கூக்குரலிட்டனர், பலர் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டனர். விடுபட்டவற்றுட் சில அவ்வாண்டு செப்டம்பரிலும், பல காமிரா வசதி 2012 ஜனவரியிலும் திரும்ப வந்து சேர்ந்தன. ஐயரவர்களின் சிந்தாமணி இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தபோது முதற் பதிப்பை வைத்திருந்தோர் எவரும் தம் புத்தகத்தைத் திறக்க இயலாமல் வருந்தியதில்லை! மேலும், ஐயரவர்களின் பதிப்புக்களிற் பாடபேதங்கள் அடிக்குறிப்பில் இடம்பெறும். கொள்ளப்படாத பாடமும் காணாமற் போவதில்லை.

எமக்கும் இவ்வகையில் ஓர் அடி விழுந்தது. விழாவிற்கு இரண்டு நாள் இருக்கையில், மென்பொருளொன்றின் வெள்ளோட்டப் பதிப்பை எம் தோழர் மடிக்கணினியில் ஏற்றினோம். அது எம் வேலையைப் புதுவடிவிற்கு மாற்றிக்கொண்டது. ஆய்வுக்கூடத்திலிருந்த பழைய பதிப்போ அதனைத் திறக்கவில்லை. பிரதி எடுத்து வைக்காதது எம் குற்றமே. இரண்டிரவு கண்விழித்து மீண்டும் தொகுத்தோம். இதனைப் படிக்கும் இளையோர், நடுவேலையிற் பதிப்பை மாற்றாதிருப்பாராக.

இனி, அண்மையில் வந்த வசதிகளுள் முதன்மையானவற்றைக் கூறுவோம். 2023-இல் அடோபி பிரீமியர் மென்பொருளில், படத்திற் பேசும் பேச்சை எழுத்தாக்கி, அவ்வெழுத்தை வெட்டினாற் படமும் வெட்டுப்படும் முறை வந்தது. மணிக்கணக்கான பேட்டியைப் படித்தே தொகுக்கலாம். இதனை யாம் மனமார வரவேற்கிறோம். எழுத்தாக்கத்தில் மாடவீதி 'மாடு வீதி' ஆனதுண்டு. மயிலையில் அதுவும் பொய்யன்று என்றார் எம் தோழர். அதனைத் தொடர்ந்து, பேச்சினிடையே வரும் வெற்றொலிகளையும் இடைநிறுத்தங்களையும் கண்டறிந்து ஒருங்கே நீக்கும் வசதியும் வந்தது. 2025 ஏப்ரலில் அடோபி, காட்சியின் பொருளைச் சொன்னால் தேடித்தரும் வசதியையும், ஒரு காட்சியின் முடிவில் இரண்டு விநாடி வரை இல்லாத பிரேம்களைச் செயற்கை அறிவாற் புனைந்து நீட்டும் வசதியையும் வெளியிட்டது. அதே மாதத்திற் பிளாக்மேஜிக் நிறுவனம் அறிவித்த 'டாவின்சி ரிசால்வ்' 20-ஆம் பதிப்பில், கதையுரையைக் கொடுத்தால் அதனோடு பேச்சை ஒப்பிட்டுக் காட்சிகளை வரிசைப்படுத்தும் கருவி வந்தது. பல காமிராக்களில் எடுத்த உரையாடலில், பேசுவோர் யாரெனக் கண்டு அவரைக் காட்டும் காமிராவிற்குத் தானே மாறும் கருவியும் உடன் வந்தது.

இவற்றுள் தேடித்தரும் வசதி, பழைய உதவியாளரின் தொட்டி வேலையைத் தானே செய்துவிடுகிறது. கை நோவு குறைவது நன்றே. ஆயினும் ஒரு துண்டைத் தேடும்போது வேறு பத்துத் துண்டுகளைக் கண்ணாற் கடந்து போன அந்த இளைஞர், தாம் தேடாததையும் கற்றுக்கொண்டார். அந்தக் கல்வி இனி எங்கே நடக்கும் என்பதற்கு எந்தப் பதிப்பின் அறிவிப்பிலும் யாம் விடை காணவில்லை.

எம் படத்திற்கு வருவோம். மயிலாப்பூரில் மாடவீதிக்குச் சற்றுப் பின்னே எம் தோழரொருவரின் பாட்டியார் பிறந்த வீடு இருந்தது. திண்ணை, முற்றம், நாட்டு ஓடு வேய்ந்த கூரை உடையது. அடுக்குமாடி கட்டுவதற்காக அதனைக் கொடுத்துவிட்டனர். இடிக்குமுன், பாட்டியாரையும் அவர்தம் தமையனாரையும் திண்ணையில் அமர்த்தி, மூன்று கைப்பேசிகளை மூன்று கோணத்தில் வைத்து அவர்களைப் பேசவிட்டோம். பெரியவர் பேசினார்: தந்தையார் வீடு வாங்கிய கதை, கூரை ஒழுகிய கதை, விற்பதற்குத் தாம் கூறும் காரணங்கள். பாட்டியார் இடையிடையே 'ம்' என்றார். ஓரிடத்திற் பெரியவர், "உனக்கும் சம்மதந்தானே அம்மா?" என்று கேட்டார். பாட்டியார் நெடுநேரம் தூணைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றார்.

நாற்பது நிமிஷப் பேச்சு. காலம் குறைவு. மேற்கூறிய வகையைச் சார்ந்த மென்பொருளொன்றிடம் அதனை ஒப்படைத்தோம். சில நிமிஷங்களில் அது தொகுத்துத் தந்தது. குற்றமே சொல்லவியலாத தொகுப்பு! யார் பேசினாலும் அவர் முகம் தவறாமல் வந்தது, வெற்றொலிகள் நீங்கின, தயக்கங்கள் மறைந்தன. பார்த்தபோது பெரியவரே திரையை நிறைத்திருந்தார். கேள்விக்கு அடுத்த கணமே பாட்டியாரின் "சரிதான்" வந்து விழுந்தது. மகிழ்ச்சியோடு வீட்டைக் கொடுத்த ஒரு பெண்மணியை அப்படத்தில் யாம் கண்டோம். திண்ணையில் யாம் கண்டவர் அவரல்லர்.

எம் வகுப்புப் பாடம் எமக்கு அப்போது கைகொடுத்தது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று என்பதனைத் தனியாகவும், கேட்போர் என்பதனைத் தனியாகவும் எண்ணுகிறது. அகப்பாட்டுக்களின் கீழ் வரும் துறைக்குறிப்பைப் பாருங்கள்: தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லுவாளாய்ச் சொல்லியது. பேசுபவள் தோழி, முன்னிற்பவள் தலைவி, சொல் சென்று தைக்கவேண்டியதோ வேலிக்கு அப்பால் வாய்திறவாது நிற்கும் தலைவன் நெஞ்சில். பேசுவோரைக் கண்டறியும் கருவியிடம் இக்காட்சியைக் கொடுத்தால் அது தோழியையே காட்டும். தலைவன் உதட்டை அசைக்கவில்லையன்றோ! அவனைத் திரைக்குக் கொணர, கேட்போர் என்பதும் ஓர் உறுப்பென்று அறிந்த ஒருவர் வேண்டும்.

'ம்' என்பதன் நிலையும் இதுவே. பேச்சுத் திணறுகையில் வரும் வெற்றொலியென்று கருவி அதனைக் களைகிறது. தமிழர்க்கோ கதை சொல்வோர்க்கு உம் கொட்டுதல் கேட்பவர் கடமை. உம் கொட்டாவிடிற் பாட்டிமார் கதையை நிறுத்திவிடுவர். பாட்டியார் சொன்ன பதினேழு 'ம்'களும் ஒரே தன்மையுடையன அல்ல. முதலிற் பரிவோடு வந்தன. கூரைக் கதைக்குச் சிரிப்போடு வந்தன. விற்பனைக் கதை தொடங்கியபின் தாமதித்து வந்தன. இறுதியில் ஒலியின்றி உதட்டளவில் நின்றன. வீட்டின் வரலாறு பெரியவர் பேச்சிலே இருந்தது. அதன் முடிவு இந்த 'ம்'களிலே இருந்தது.

ஆகவே கையாலே மீண்டும் தொகுத்தோம். கருவி தந்த எழுத்துப்படியை மட்டும் வைத்துக்கொண்டோம். அது பேருதவியாயிற்று என்பதை மறைக்க மாட்டோம். பெரியவர் காரணம் சொல்லும்போதெல்லாம் அவர் குரலை ஓடவிட்டு, பாட்டியார் முகத்தையும் தூணின்மேற் கிடந்த அவர் கையையும் வைத்தோம். கேள்விக்கும் விடைக்கும் இடையிலிருந்த பதினொரு விநாடியை ஒரு பிரேமும் குறையாமல் விட்டோம்.

அங்கே ஓர் இடர் நேர்ந்தது. "சரிதான்" என்றபின் பாட்டியார் முகம் இன்னும் ஒரு விநாடி நிற்கவேண்டும்; எம்முள் ஒருவர் கைப்பேசியை அவசரமாய் நிறுத்திவிட்டார். புதுப்பதிப்பில் இதற்கே மருந்து இருந்தது: இல்லாத அந்த விநாடியைப் புனைந்து தரும். எம்முள் வாக்குவாதம் எழுந்தது. ஒரு விநாடிதானே, எவர் கண்டுபிடிப்பார் என்றார் ஒருவர். நெகட்டிவிற் கீறல் விழுந்தால் முன்னோரும் ஒட்டுப்போட்டனர் என்றார் மற்றொருவர். மரக்கிளை அசைவதையோ தெருவையோ நீட்டுவதில் எமக்கும் தடையில்லை. ஆனால் அந்த விநாடியில் அவர் முகம் எப்படி இருந்தது என்பது அவர்க்கே உரியது. பல்லாயிரம் அயலார் முகங்களைக் கண்டு பழகிய கணிப்பொறி, இப்படித்தான் இருந்திருக்கும் என்று வரைவதைப் பாட்டியார் முகமென்று அவர் வீட்டாரிடமே காட்ட எமக்கு மனம் வரவில்லை. அவ்விடத்திற் பூட்டிய அறைக்கதவை வைத்து முடித்தோம்.

படம் பத்து நிமிஷம். விழாவிற் பரிசொன்றும் கிடைக்கவில்லை. தோழர் அதனை அடையாற்றிலுள்ள தம் இல்லத்தில் பாட்டியார்க்குப் போட்டுக் காட்டினார், யாமும் உடனிருந்தோம். அவர் வாய்திறவாது பார்த்தார். கதவு வந்து படம் முடிந்ததும், "அந்தக் கதவுக்குப் பின்னாலேதான் அடுப்படி. அதை எடுக்கலையா?" என்று கேட்டார். யாம் எடுத்திருக்கவில்லை.